சனி ஞாயிறு சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: மாசி, பங்குனியில் ஏரிக்கரைப் பக்கம் திரும்புங்கள்

சென்னையிலும் புறநகரிலும் வாரக்கடைசி விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிற எல்லாக் குழுக்களின் அட்மின்களுக்கும், ரைடு கேப்டன்களுக்கும், அவர்கள் பின்னால் அணிவகுத்து வருகிற எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாசி பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரைக்கும், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைக்கும், உங்கள் ரைடுகளில் ஒன்றிரண்டையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து விலக்கி, கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைகளுக்கும் திருப்பிவிடுங்கள். அந்த ஒன்றிரண்டு நாள் மட்டும் சராசரி வேகம் பார்க்க வேண்டாம். கையில் ஒரு கேமரா, அது இல்லாவிட்டால் போன். இவ்வளவுதான் கேட்கிறேன், ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மடல் நீண்டுவிட்டது.

நம் ஊருக்கு வசந்தமே கிடையாது, வெயில், கடும் வெயில் என்று இரண்டே பருவம்தான் என்று சொல்லிச் சொல்லியே அதைக் கோட்டை விடுகிறோம். பழைய பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும், சரி. ஆனால் மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மாசியில் அரச மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சில நாளிலேயே செம்பு நிறத் தளிரோடு நிற்கும். புங்க மரம் விடுகிற புதுத் தளிர் இருக்கிறதே, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஒளி ஊடுருவுகிற அந்தப் பச்சை வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காது. முருக்கு மரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும், அதில் மைனாவும் காக்கையும் கரிச்சானும் தேனுக்காக முட்டி மோதிக்கொண்டிருக்கும், கேமரா வைத்திருப்பவருக்கு அந்த ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் போவதே தெரியாது. பங்குனியில் வேம்பு பூக்கும். இலுப்பை மரம் நிற்கிற கோயில் பக்கம் விடியலில் போனால் தரையெல்லாம் பூ உதிர்ந்து கிடக்கும், வாசனை நமக்கு முன்னால் வந்து நிற்கும். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. 35 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறவருடைய பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதிக்கிறவருக்கும் தெரியாது, அதுதான் என் வருத்தம்.

அடுத்தது ஏரிகள். உண்மையில் இந்த மடலே ஏரிகளுக்காகத்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்து ஏரிகளை நிரப்புகிறது, ஒரு ஏரியின் கலங்கல், அதாவது உபரி நீர் வெளியேறும் வாய், வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது, பொங்கல் சமயத்தில் பார்த்தால் கரை வரைக்கும் தண்ணீர் தளும்பும். படத்துக்கு அழகுதான். ஆனால் நின்று மேய்கிற பறவைக்கு அவ்வளவு ஆழம் தோதுப்படாது. மதகு வழியாகப் பாசனத்துக்குப் போனதும் வெயில் குடித்ததும் போக நீர் மெல்ல இறங்கி, மாசியில் ஓரங்களில் சேறு தெரியத் தொடங்கும் பாருங்கள், அப்போதுதான் அவற்றுக்கு விருந்து. இருக்கிற மீனெல்லாம் குறுகிய நீரில் அடைபடுகிறது, கூழைக்கடாக்கள் அணி சேர்ந்து வளைத்துப் பிடிக்கின்றன, மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்து நீருக்குள் விட்டபடி நடக்கிறது, கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் ஆட்டித் துழாவுகிறது, சேற்று விளிம்பில் நெடுங்கால் உள்ளான்கள். கரைக்கு அந்தப் பக்கம் நவரைப் பருவ நெற்பயிர் பச்சையாக நிற்கும், அதில் கொக்குகள். ஒரே கரையில் நின்று இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் வேறு ஒரு படம்.

இதில் பாதிப் பேர் நமக்கு விருந்தாளிகள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும் திரும்புவதற்கு முன்னால் இங்கே உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்கின்றன, அதனால் இந்த வாரங்களில் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். கருவால் மூக்கனைக் குளிர்காலத்தில் சாம்பல் நிறமாகப் பார்த்தவர்கள் மார்ச்சில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும், கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும், அதே பறவைதானா என்று தோன்றும். ஏப்ரல் வந்தால் பெரும்பாலானவை போய்விடும். அதனால்தான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

பூநாரைக்காக, அதாவது ஃபிளமிங்கோவுக்காக, எங்கெங்கோ போகிறவர்களைப் பார்க்கிறேன். பழவேற்காட்டுக்குப் போவது நல்லதுதான், நாட்டின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தது அது. ஆனால் நீங்கள் வாராவாரம் தாண்டிப் போகிற கோவளத்தில் வலப்பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம் போகிற சாலை கழிமுகத்தின் குறுக்கே போகிறது. நீர் வற்ற வற்ற, பல வருஷங்களில் பிப்ரவரி, மார்ச்சில் பூநாரைகள் அங்கே இறங்குகின்றன. எல்லா வருஷமும் ஒரே மாதிரி வராது, தண்ணீர் மட்டம்தான் அதை முடிவு செய்யும். சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போவதால் காலை நேரத்தில் இரண்டு பக்கமும் பக்கவாட்டு ஒளி விழும். அந்தக் கழுத்து வளைவுக்கு அதைவிடப் பொருத்தமான ஒளி எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே வண்டிகள் வேகமாக வரும், அதனால் சைக்கிளைச் சாலையில் நிறுத்தாமல் நன்றாக ஓரம் கட்டிவிட்டு நில்லுங்கள், மூன்று நான்கு பேருக்கு மேல் ஒரே இடத்தில் குவிய வேண்டாம்.

ஒளியைப் பற்றிச் சொல்லும்போது நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி நடுவில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 6.30 மணிக்கு உதிக்கிறது, மார்ச் 20 வாக்கில் 6.15க்குக் கொஞ்சம் முன்னால். நாலரை, ஐந்துக்குக் கிளம்புகிற குழுக்கள் அந்த நேரத்துக்குள் பாதித் தூரத்தை இருட்டிலேயே முடித்துவிடுகின்றன, ஒளி நன்றாக இருக்கிற அந்த முக்கால் மணி நேரம் திரும்பி வருகிற அவசரத்தில் போய்விடுகிறது. ஏரிக்கரை ரைடு என்றால் சூரியன் எழும்போது கரைமேல் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். மாசி முதல் பாதியில் நீர்மேல் மெல்லிய பனிமூட்டம் கிடக்கும், பனைமரங்களின் அடிப்பகுதி அதில் மறைந்து தலை மட்டும் தெரியும், போன் கேமராவே போதும். எட்டரை, ஒன்பதுக்கு மேல் தரை சூடாகிக் கானல் எழும். அந்தக் காற்று அலைவதால் தூரத்துப் பறவையின் படம் குழைந்துபோகும், ஃபோகஸ் சரியாக இருந்தாலும் சரி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு கேமராவை உள்ளே வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போவதுதான் நல்லது. அந்த வேளையில் கடல்காற்றும் இன்னும் எழுந்திருக்காது, திரும்பி மிதிப்பது சுலபம்.

படம் எடுக்கிறவர்கள் பலரும் காரில்தான் வருகிறார்கள், லென்ஸ் கனம் அப்படி. 150–600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே இரண்டு கிலோவைத் தொடும். சைக்கிளில் அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். 70–300 போதும், ஏனென்றால் சைக்கிள் உங்களைக் கார் போக முடியாத இடத்துக்குக் கொண்டுபோகும், மதகு வரைக்கும், கலங்கல் வரைக்கும். சத்தம் இல்லை. இன்னொன்று, கரையில் தினமும் சைக்கிளில் போகிற ஆட்களைப் பறவைகளுக்குப் பழக்கம். அவை மிரள்வது நாம் எதிரே திடீரென்று பிரேக் போட்டுக் காலைத் தூக்கி இறங்கும்போதுதான். அதனால் பறவையைப் பார்த்ததும் நிற்காதீர்கள். அதே வேகத்தில் தாண்டிப் போய், கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, சைக்கிளை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் ஆள்காட்டிப் பறவையே கத்துவதை நிறுத்திவிடும், அது நிறுத்திவிட்டால் மற்றவை நம்மைப் பொருட்படுத்தாது. உட்கார்ந்து எடுக்கிற படம் நின்று எடுக்கிற படத்தைவிட எப்போதும் நன்றாக வரும், பறவையின் கண் மட்டத்துக்கு நாம் இறங்கிவிடுகிறோம். உட்காருவதற்கு முன் புதர் ஓரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடி விரியன் இருக்கிற ஊர் இது.

கேமராவை ஹாண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், மண்பாதையின் அதிர்வு முழுவதும் அதற்குத்தான் போகும். முதுகில் குறுக்காகப் போட்டு, ஆடாதபடி இன்னொரு வார் கட்டிக்கொண்டால் போதும். உப்பளத்துப் பக்கம் போய்வந்தால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், சைக்கிள் செயினுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

டயர் விஷயம் கொஞ்சம் முக்கியம். ரோடு பைக்கின் 25 மில்லிமீட்டர் டயரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தால் சீமைக் கருவேல முள் உங்களை வீட்டுக்கு அனுப்பாது. 32லிருந்து 40 வரை இருக்கிற டயர், கொஞ்சம் காற்றுக் குறைவாக, கூடவே இரண்டு உபரி டியூப், பஞ்சர் பேட்ச், பம்ப். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது டியூபும் அடுத்த வளைவுக்குள் போய்விடும். அப்புறம், கியர் இல்லாத சாதாரண சைக்கிளே இந்தப் பாதைக்குப் போதும் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் கரைமேல் போகிற பையன்களையும் பெண்பிள்ளைகளையும் பாருங்கள். எந்த மூலையில் எந்தப் பறவை அடைகிறது, கலங்கல் பக்கம் எப்போது போகக்கூடாது என்றெல்லாம் நம்மைவிட நன்றாக அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். வேகக் குழுக்களாக நாம் மாறிப்போனதில் நிறையப் பேர் விட்டுப்போய்விட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக சைக்கிள் வாங்கியவர்கள், கூட்டத்தில் பின்தங்கித் தனியாக இருட்டில் மிதிக்கப் பயப்படுகிற பெண்கள், பிள்ளையையும் கூட்டி வர ஆசைப்படுகிற அப்பா அம்மாக்கள். முதல் ரைடுக்கு வருவார்கள், வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, இரண்டாவது ரைடுக்கு வர மாட்டார்கள். கடற்கரைச் சாலையில் வாரக்கடைசி விடியலில் யார் யார் எந்த நிலையில் கார் ஓட்டி வருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், நினைத்த இடத்தில் நின்று, யாருக்கும் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு போகிற ஒரு ரைடு இவர்கள் எல்லோருக்கும் வேண்டும். உங்களுக்கும் அது பிடிக்கும் என்று நம்பித்தான் கேட்கிறேன்.

வேடந்தாங்கலைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. முப்பது ஹெக்டேர் பரப்பளவுக்குள் இருக்கிற ஒரு ஊர் ஏரிதான் அது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காக்க வேண்டும் என்று அப்போதைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கேட்டு 1798இல் எழுத்தில் உத்தரவு வாங்கியதாக வரலாறு. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற கலெக்டரும் இதே பிளேஸ்தான், கரை உடையாமல் ராமலட்சுமணர் காவல் நின்றதை அவர் பார்த்ததாக ஊரில் சொல்வார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டுக்கும் நடுவில் வயல் வழியாகப் போகிற சாலைகள் சைக்கிளுக்கென்றே போட்டது மாதிரி இருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊருக்கு விஞ்ஞானம் சொல்வதற்கு முன்னாலேயே தெரியும், அதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. 2022இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். ஆனால் பட்டியலைவிட அந்த ஊர்க்காரர்களின் கட்டுப்பாட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், அவர்கள் அவ்வளவு அடங்கி இருக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற நாம் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகலாமா? மாசியில் அங்கே கூட்டில் குஞ்சுகள் இருக்கும், இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருக்கும். பெரியவை பயந்து எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலில் தனியாகக் கிடக்கும், காக்கையும் பருந்தும் அதற்குத்தான் காத்திருக்கும்.

அதனால் சில விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூட்டமாகப் பறக்கிற படம் வேண்டும் என்று கல் எறிவதோ கை தட்டுவதோ கூடாது, ஒரு தடவைகூட. ட்ரோன் வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம், கூடு கட்டுகிற காலத்தில் அது அந்தப் பறவையின் நாளையே கெடுத்துவிடும். ஆந்தைக் கூடு, அடைகாக்கிற பறவை இருக்கிற இடத்தின் லொக்கேஷனைக் குழுவில் போடாதீர்கள், எவ்வளவு நெருக்கமான குழுவாக இருந்தாலும்.

மனிதர்களைப் படம் எடுப்பதிலும் இதே கறார் வேண்டும். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் ஊர் ஊராக வந்து கூடுகிறார்கள், மணலில் தங்கி, விடியலில் கன்னியம்மனை வணங்கி, பெண் பார்ப்பது, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கிறது. உங்களில் பலர் சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்தான், போய்ப் பாருங்கள். ஆனால் அது அவர்களுடைய சாமி கும்பிடும் நேரம், ஒரு குடும்பம் குளித்துக் கரையேறும்போது ஐந்தாறு லென்ஸ் முகத்துக்கு நேரே நீட்டுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முதலில் பேசுங்கள், உட்காருங்கள், எடுக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்குங்கள். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த வருஷம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கிராமத்துச் சாலையிலும் அப்படித்தான். அறுவடை முடிந்த நேரம், கேழ்வரகோ கொள்ளோ சாலையில் உலர்த்தியிருப்பார்கள், அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வரப்பில் கால் வைக்கும் முன் கேளுங்கள். தர்பூசணி வர ஆரம்பித்திருக்கும், சாலையோரத்தில் குவித்து வைத்திருக்கிற விவசாயியிடமே வாங்கிச் சாப்பிடுங்கள். பதநீர் கிடைத்தால் வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு பாதை சொல்கிறேன், யாருக்கும் கஷ்டம் இருக்காது. கோவளத்தில் கூடி, விடியலில் கழிமுகச் சாலையில் நின்று பூநாரை இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கேளம்பாக்கம், அங்கிருந்து தையூர் ஏரிக்கரை, அங்கே ஒரு மணி நேரம் தாராளமாக விடுங்கள், பிறகு திருப்போரூர். முருகன் கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து டிபன். திரும்பும்போது திருப்போரூரிலிருந்து நெம்மேலி போகிற சாலை, அதுவும் தண்ணீருக்குக் குறுக்கேதான் போகிறது, அது மறுபடியும் கடற்கரைச் சாலையில் கொண்டுவந்து விடும். பழைய மகாபலிபுரம் சாலையில் போகிற துண்டு மட்டும்தான் நெரிசல், அங்கே வரிசையாகப் போனால் போதும். இது சரிப்பட்டு வந்தால் பங்குனியில் வேடந்தாங்கல், கரிக்கிலி, மதுராந்தகம் என்று ஒரு முழு நாள் வைக்கலாம். நீளமானது, அதனால் வெயிலுக்கு முன் முடிக்கிற மாதிரி செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு குழு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால்கூடப் போதும். தேதியை மாசி பிறப்பதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள், அப்போதுதான் வேகத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்களுக்கும் போன் போட்டுக் கூப்பிட நேரம் இருக்கும். கடைசியில் வருகிறவரோடு கூடவே வருவதற்கு உங்கள் அனுபவசாலி ஒருவரை ஒதுக்குங்கள். அவரிடம் பம்பும் டியூபும் இருக்கட்டும். படங்களை அன்று மாலையே குழுவில் போடுங்கள், எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், அடுத்த வாரம் போகிற குழுவுக்கு அது உதவும்.

அன்புடன்,
தாம்பரம் பக்கத்திலிருந்து, உங்களோடு சைக்கிள் மிதிக்கிற ஒருவன்